பழைய பேப்பர் கடையில் கிடைத்த நூலகப் புத்தகம்: திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

வைகைக்கரை (மதுரை), ஞாயிறு காலை 10.40

மூன்று மாத நாளிதழ்க் கட்டைப் போட்டுவிட்டு வரலாம் என்று தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். தராசு வைத்திருந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார் கடைக்காரர். முதுகுப் பக்கம் வெளியே தெரிந்தது; தமிழ் எழுத்து. குனிந்து இழுத்ததும் தராசு ஆடியது, கடைக்காரர் முறைத்தார். என் கட்டிலிருந்த ஒரு பழைய தீபாவளி மலரை உருவி அதே இடத்தில் செருகினேன். உயரம் கச்சிதமாகப் பொருந்தியது. “புத்தகத்துக்குக் காசு வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டு, கணக்கில் 10 ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மாஸ்கோவில் அச்சான தமிழ்ச் சிறுவர் கதைத் தொகுப்பு. பெரிய எழுத்து, தடித்த தாள், பூட்ஸ் போட்ட கரடியின் வண்ணப்படம். மேலட்டையில் மேசைக்கால் பதிந்து வட்டமாக ஒரு குழி. கடைசிப் பக்கத்தில், நூலைப் பற்றிய கருத்தை 17, ஜூபோவ்ஸ்கி புல்வார், மாஸ்கோ என்ற முகவரிக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்ததும் சிறு வயதில் அப்படி ஒரு தபால் அட்டை வாங்கிவைத்து, கடைசிவரை அனுப்பாமல் விட்டது நினைவுக்கு வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தலைப்புப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தின் ஊதா முத்திரை இருக்கிறது. பின்னட்டை உட்புறத்தில் தேதித்தாள்: 1983இல் தொடங்கி 1991 அக்டோபரில் நிற்கிறது. 64ஆம் பக்கத்தில் ஒரு டவுன் பஸ் டிக்கெட். ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரை எங்கும் இல்லை. எந்த ஊர் நூலகம் என்று சொல்லப்போவதில்லை. யாரையும் குறை சொல்ல இந்த இழையைத் தொடங்கவில்லை.

திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? கூடவே, இப்படித் தேடாமல் உங்கள் கைக்கு வந்த புத்தகங்களைப் பற்றியும் எழுதுங்கள்.

காவேரிப்பரண் (கும்பகோணம்), ஞாயிறு 11.25

வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. மேசைக்காலுக்கு அடியிலிருந்து மீட்டவருக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

எனக்குப் புத்தகம் கிடைத்த இடம் கடை அல்ல, பரண். பாட்டி வீட்டில் கோடை விடுமுறைக்குப் போனால் ஏணி வைத்து ஏறி, ஓட்டுச் சூட்டில் வியர்த்தபடி ஒரு தகரப் பெட்டியைக் குடைவேன். பெட்டி நிறைய, வார இதழ்களிலிருந்து கிழித்து வார வாரியாகச் சேர்த்துத் தைத்த தொடர்கதைகள். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வ’னை அப்படிப் பைண்டு செய்து வைக்காத வீடே தெருவில் இல்லை என்பார் பாட்டி. மணியம் வரைந்த படங்களோடு அதைப் படித்ததில் ஒரு தனிச் சுகம். பின்னாளில் புத்தகமாக வாங்கிப் படித்தபோது, ஏதோ உறவினரை வேற்றூரில் பார்த்தது போல இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கதைப் பக்கங்களைக் கிழிக்கும்போது அவற்றின் மறுபக்கமும் கூடவே வருமல்லவா? கூந்தல் தைல விளம்பரம், பாதிக் கட்டுரை, பாதித் துணுக்கு. ஒரு தொகுப்பில் இப்படி இருந்தது. நீதிபதி கேட்கிறார்: “அந்தக் குடையை ஏன் திருடினாய்?” பதில் அடுத்த பக்கத்தில். அடுத்த பக்கமோ வேறு வாரத்து இதழ். 40 வருடமாக அந்தத் திருடன் வாயைத் திறக்காமல் கூண்டில் நிற்கிறான்.

மூர்மார்க்கெட்வாசி (சென்னை), ஞாயிறு 12.10

“மழை வருமென்று நினைத்தேன், எஜமான், போலீஸ் வந்துவிட்டது.” கூண்டிலிருந்து இறக்கிவிடுங்கள் அவனை.

வைகைக்கரை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கொடுக்காதீர்கள். 40 ஆண்டுகளாகப் பழைய புத்தகம் பொறுக்குகிறவன் சொல்கிறேன். மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்தபோது எனக்கு 19 வயது. மறுநாள் போய்ப் பார்த்தேன். ஓரம் கருகி நடுவில் மட்டும் எழுத்து மிஞ்சிய தாள்கள் காலில் ஒட்டின. வியாபாரிகள் சிலர் பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதைக்கு மாறினேன். பாரதி சாலை என்று பெயர் மாறிவிட்டது. என் நாக்கு மாறவில்லை.

நடைபாதையில் ஒரு விதி உண்டு. வேண்டிய புத்தகத்தை முதலில் தொடக் கூடாது. பக்கத்தில் இருப்பதை எடுத்துப் புரட்டி, விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு, போகிற போக்கில் “அது என்ன விலை?” என்று கேட்க வேண்டும். பல வருடம் இதைச் சாமர்த்தியம் என்றே நம்பியிருந்தேன். ஒருநாள் கடைக்காரர், “சார், அந்தச் சமையல் புத்தகத்தை வைத்துவிடுங்கள். அதற்கு அடியில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது 80 ரூபாய்” என்றார். 20 ரூபாய் கூட்டிச் சொல்கிறார் என்று இரண்டு பேருக்குமே தெரியும். கொடுத்துவிட்டு வந்தேன்.

நூலக முத்திரையோடு என் அலமாரியில் 14 புத்தகங்கள் இருக்கின்றன. அதனால் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை.

மையொற்றி, ஞாயிறு மாலை 4.05

14 என்று படித்ததும் எனக்குத் தூக்கம் கெட்டது. பகல் தூக்கம்தான், இருந்தாலும்.

நான் 31 ஆண்டுகள் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு: எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, விலை, கடைசியில் குறிப்புக்கு ஒரு கட்டம். அந்த எண்ணைத் தலைப்புப் பக்கத்தில் எழுதுவோம். உள்ளே வேறொரு பக்கத்திலும் எழுதுவோம். அதற்கு இரகசியப் பக்கம் என்று பெயர். ஒரு நூலகத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் அது ஒரே பக்கம்தான். தலைப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தன் புத்தகம் என்று சாதிப்பவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது. வைகைக்கரை ஐயா, வழக்கமாக எந்தெந்தப் பக்கத்தில் இருக்கும் என்று உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன். மூர்மார்க்கெட்வாசி படிக்கும் இடத்தில் சொல்ல மாட்டேன்.

கிழிந்தவை, செல்லரித்தவை ஆகியவற்றைப் பட்டியல் போட்டு, அனுமதி வாங்கி, நீக்கல் முத்திரை குத்தி எடைக்குப் போடுவது உண்டு. அவசரத்தில் முத்திரை குத்தாமல் மூட்டைக்குள் போனவையும் உண்டு. அப்படி விட்டுப்போன கை என்னுடையதாகவும் இருந்திருக்கலாம்.

ஆனாலும் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை எழுதினார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்பது மூன்றாவது. மேசைக்கால் வாசகர் அல்ல. அதே 1931இல்தான் மன்னார்குடி மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அந்தப் பக்கத்தில் நான் வேலை பார்த்தபோது, வண்டி வரும் நாளுக்காகக் காத்திருந்ததாகச் சொன்ன முதியவர் ஒருவர் தினமும் வாசிப்பறைக்கு வருவார். செய்தித்தாளைப் படித்ததும் நான்காக மடித்துத்தான் திருப்பித் தருவார். வண்டிக்காரர் அப்படித்தான் கேட்பாராம்.

உங்கள் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், ரூபாய்க்கு 10 காசு. ஆகவே அந்தக் கரடிக் கதையில் எனக்கும் பங்கு இருக்கிறது.

கடலைப்பொட்டலம் (திருநெல்வேலி), ஞாயிறு 5.30

புத்தகத்துக்கு இத்தனை வழக்கா! நான் படிக்கக் கற்றதே பொட்டலத்தில்தான். அப்பா மளிகைக் கடையிலிருந்து வந்ததும், அம்மா பருப்பை டப்பாவில் கொட்ட, நான் தாளை நீவி வைத்துக்கொண்டு படிப்பேன். சீரகம் சுற்றிய தாள் சிறியது, ஒரு பத்தி தேறும். துவரம்பருப்பு சுற்றியது முழுப் பக்கம். வெல்லம் சுற்றிய தாளில் பாதி எழுத்து வெல்லத்தோடு போய்விடும். ஒருமுறை ஒரு துப்பறியும் கதையில், “கதவைத் திறந்தவர் வேறு யாருமல்ல” என்ற இடத்தில் தாள் முடிந்தது. மறுநாள் தேவையே இல்லாமல் 100 கிராம் கடுகு வாங்கினேன். கடுகு ஒரு பத்தாம் வகுப்பு விடைத்தாளில் வந்தது. பையன் வரலாற்றில் 35 மதிப்பெண்.

இப்போது எல்லாம் பிளாஸ்டிக் உறை. அதிலும் படிக்கிறேன், சேர்மானங்கள், காலாவதித் தேதி. கதை இல்லை.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்), ஞாயிறு இரவு 9.15

மையொற்றி ஐயா சொல்வதுடன் உடன்படுகிறேன். ஆனால் எங்கள் காரணம் வேறு.

1981 மே 31 இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள், பழைய பத்திரிகைகள். உள்ளே இருந்தவை போய்விட்டன. அன்றிரவு வாசகர் வீடுகளில் இரவலாக இருந்தவைதாம் மிஞ்சியிருக்க முடியும். என்னுடைய பெரியம்மாவிடம் அப்படி ஒன்று இருந்தது. ஜூன் முதல் வாரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகம். தோட்டக்கலையைப் பற்றியது, அதுவும் ரோஜா வளர்ப்பு. வீட்டில் ரோஜா இல்லை. ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. அதன்பின் எத்தனையோ தரம் இடம்பெயர்ந்தோம். அரிசி, அடையாள அட்டை, காணி உறுதி இருக்கும் பைக்குள் அந்தப் புத்தகமும் வரும். “கொடுக்க வேண்டிய பொருளைத் தொலைக்கக் கூடாது” என்பார்.

நூலகத்தை மீண்டும் கட்டித் திறந்த பிறகு கொண்டுபோய்க் கொடுத்தார். தாமதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டாராம். மேசையில் இருந்தவர் பதில் சொல்ல முடியாமல் எழுந்து நின்றதாகச் சொல்வார்.

வைகைக்கரை, நீங்கள் முத்திரையைக் காட்டிவிட்டாவது வாருங்கள்.

காவேரிப்பரண், ஞாயிறு 9.40

‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

நிழற்படி (கோவை), திங்கள் காலை 8.20

எல்லாரும் கோபித்துக்கொள்வீர்கள், பரவாயில்லை. வருடிப் பதிவேற்றிவிட்டால் ஒரு புத்தகத்தை ஆயிரம் பேர் படிக்கலாம். நான் பஸ்ஸில் நின்றபடி கைப்பேசியில்தான் படிக்கிறேன். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலுக்குத் தொடங்கியதாம், எனக்கும் கிட்டத்தட்ட அதே வயது. பனங்கூடல் அண்ணாவுக்குச் சொல்லத் தேவையில்லை, ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது. தேடாமல் கிடைக்கும் இன்பம் திரையிலும் உண்டு. போன மாதம் தமிழ் மின்னூலகத்தில் ‘பூட்டு’ என்ற சொல்லைத் தேடப்போய், யாரோ எழுதிய மாட்டு வைத்திய நூலில் மாட்டிக்கொண்டேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

பழைய புத்தக வாசனை என்று உருகுகிறீர்களே, அது காகிதம் மக்கும் வாசனை.

மூர்மார்க்கெட்வாசி, திங்கள் 8.55

தம்பி, மல்லிகைப்பூ வாசனையும் பூ வாடும் வாசனைதான். கூந்தலில் வைக்காமல் இருக்கிறார்களா?

மாட்டு வைத்திய நூலின் சுட்டியை அனுப்பு.

மையொற்றி, திங்கள் 9.30

பதிப்புரிமை முடியாத நூலைப் பதிவேற்றுவது வேறு சிக்கல். அதை வேறு இழையில் பேசலாம்.

இரவுப்பணி (சேலம்), செவ்வாய் அதிகாலை 4.10

நான் செவிலியர். இந்த நேரத்தில் வார்டு அடங்கியிருக்கும், சொட்டு மருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் கட்டுத்துணி வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டு ஒரு நூலகம். யாரும் தொடங்கி வைக்கவில்லை. நோயாளிக்குத் துணையாக வருபவர்கள் பஸ் நிலையத்தில் ஒரு மாத நாவல் வாங்கி வருவார்கள். வீட்டுக்குப் போகும் நாளில் பிளாஸ்க், தட்டு, போர்வை எல்லாம் கணக்குப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள்; நாவல் தலையணைக்கு அடியில் தங்கிவிடும். அதைத் தட்டில் சேர்ப்பேன். அடுத்து வருபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் குற்றக்கதை, குடும்பக்கதை. ஒருமுறை திருவாசக உரை, ஒருமுறை மின்வாரியத் தேர்வு வழிகாட்டி. தேர்வு வழிகாட்டியை ஒரு பாட்டி பதினொரு நாள் விடாமல் படித்தார். அவருடைய கணவர் தீவிரப் பிரிவில் இருந்தார். “என்ன படிக்கிறீர்கள் அம்மா?” என்று கேட்டால், “கேள்விக்கெல்லாம் பின்னாலேயே பதில் இருக்கிறது” என்பார்.

கணவரை அழைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். வழிகாட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கேட்கவில்லை.

கடலைப்பொட்டலம், செவ்வாய் 7.00

மூர்மார்க்கெட்வாசியிடம் சொல்ல வேண்டாம், அந்தத் தட்டுக்கு வந்துவிடப் போகிறார்.

வைகைக்கரை, செவ்வாய் 7.45

ஐயா சொன்ன பக்கங்களில் ஒன்றில், அடி ஓரத்தில், அதே எண் இருந்தது! நீல மை, பொடி எழுத்து. இரண்டு முறை படித்தும் என் கண்ணில் படவில்லை. அடுத்த ஊர் நூலகம்தான், சனிக்கிழமை போகிறேன்.

டிக்கெட்டைப் பற்றி ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். வெளிறிய இளஞ்சிவப்புத் தாள். தேதி தெரியவில்லை. மேலே ‘பாண்டியன்’ என்பது மட்டும் படிக்க முடிகிறது.

தடம்77 (விருதுநகர்), செவ்வாய் 8.05

பாண்டியன் போக்குவரத்துக் கழகம். 1997இல் கழகங்களின் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே பெயராக்கினார்கள். ஆகவே டிக்கெட் அதற்கு முந்தையது. தேதித்தாளின் கடைசித் தேதி 1991 என்றால் இரண்டும் பொருந்துகின்றன. கடைசியாக எடுத்தவர் பஸ்ஸில் படித்திருக்கிறார்.

காவேரிப்பரண், செவ்வாய் 8.15

64ஆம் பக்கம் வரை!

வைகைக்கரை, சனி இரவு 8.30

போய்வந்தேன்.

இளம்பெண் ஒருவர் நூலகராக இருக்கிறார். புத்தகத்தை நீட்டியதும் வாங்கி, முத்திரையைப் பார்த்து, நான் எதுவும் சொல்லும் முன்பே இரகசியப் பக்கத்தைப் புரட்டினார். மையொற்றி ஐயா மகிழ்வார். பிறகு உள்ளே போய், முதுகில் துணி ஒட்டிய ஒரு பெரிய பதிவேட்டைச் சுமந்துவந்தார். பக்கங்களுக்கு நடுவே வேப்பிலைச் சருகு. எண்ணை விரலால் தொட்டபடி வரி வரியாக இறங்கினார். 1983, தலைப்பு, விலை 4 ரூபாய் 25 காசு. கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் இப்படி இருந்தது: “இழப்பு. விலை வசூலிக்கப்பட்டது. 2.3.92.”

இருவரும் கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சார், இது எங்கள் புத்தகம் இல்லை. தொலைத்தவர் காசு கட்டிவிட்டார். அவருடையது” என்றார்.

யார் என்று பதிவேட்டில் இல்லை. உறுப்பினர் பதிவுகள் அந்தக் காலத்தவை எதுவும் மிஞ்சவில்லையாம். பஸ் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதே பக்கத்தில், அதே கோணத்தில் திரும்ப வைத்தார். “பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியிருப்பார், பாவம். சின்னப் பிள்ளையாகக்கூட இருந்திருக்கும். அப்பா காசு கட்டியிருப்பார், வீட்டில் அடி விழுந்திருக்கும்” என்றார்.

அதற்குள் சிறுவர் பகுதியிலிருந்து ஒரு சிறுமி வந்து மேசை மீது எட்டிப் பார்த்துக் கரடியின் பூட்ஸைத் தொட்டாள். “இதை எடுத்துக்கொண்டு போகலாமா?” என்று கேட்டாள். நூலகர் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொன்னோம். ஒன்றேகால் மணி நேரம் நானும் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

மூர்மார்க்கெட்வாசி, சனி 8.50

பிறகு? புத்தகம் எங்கே?

வைகைக்கரை, சனி 8.55

நூலகத்தில். அன்பளிப்பாக எழுதிக்கொண்டார்கள். புது எண், புது தேதித்தாள். பழைய தேதித்தாளைக் கிழிக்காமல் அதன் மேல் ஓரத்தில் மட்டும் பசை வைத்து ஒட்டினார். தூக்கிப் பார்த்தால் அடியில் 1991 தெரியும். டிக்கெட்டை எடுக்கவில்லை.

மையொற்றி, சனி 9.10

முதல் தேதி விழுந்துவிட்டதா?

வைகைக்கரை, சனி 9.12

விழுந்துவிட்டது ஐயா. சிறுமி 70ஆம் பக்கத்தில் இருந்தபோது அவளுடைய அம்மா கூப்பிட வந்துவிட்டார்.

காவேரிப்பரண், சனி 9.20

அண்ணா, ஒன்றே ஒன்று. 64ஆம் பக்கத்தில் கதை எந்த இடத்தில் நிற்கிறது? அந்த மனிதர் எந்த இடத்தில் விட்டுவிட்டு இறங்கினார்?

வைகைக்கரை, சனி 9.31

கரடி ஆற்றின் பாதியில் நிற்கிறது. ஒரு பூட்ஸ் தண்ணீரில் போய்விட்டது. இந்தக் கரையில் நரி, அந்தக் கரையில் வேட்டைக்காரன்.

காவேரிப்பரண், சனி 9.33

ஐயோ. அப்புறம்?

வைகைக்கரை, சனி 9.34

66ஆம் பக்கத்தில் அக்கரை சேர்ந்துவிடுகிறது. வேட்டைக்காரன்தான் பூட்ஸை எடுத்துக் கொடுக்கிறான்.